சாவி என்னிடம்தான் இருக்கிறது

என்னங்க,

பெரிய பேத்தி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள், பேரன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான், சின்னவள் தன் பெயரைத் தானே எழுதுகிறாள் என்று இந்தச் சலவை நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஒரு சேதி, பதறாமல் படியுங்கள். நான் ஓட்டும் டீசல் பிக்கப் வண்டி இந்த வாரம் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரி விரிப்புகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால், யோசித்து யோசித்து ஊர்ந்தது. பின்னால் ஒரே கரும்புகை. சூப்பர்வைசர் கையை நீட்டினார்.

“வயசாயிடுச்சும்மா, உங்க காலுல பலம் இல்ல. சாவிய குடுத்துட்டு துணி மடிக்கப் போங்க.”

“நீங்களே மிதிச்சுப் பாருங்க தம்பி” என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அதே மேட்டில் அவர் எழுந்து நிற்காத குறையாக மிதித்தார். வண்டி வேகம் எடுத்தால்தானே!

“என்ன தம்பி, உங்களுக்கும் வயசாயிடுச்சா?” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய் கிழிந்திருந்ததாம். மெக்கானிக் புதுசு போட்டதும் சீறிக்கொண்டு ஏறுகிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

“போதும், வந்துவிடு” என்று நம் மகனை விட்டு எழுத வைக்காதீர்கள். வரமாட்டேன். லோடு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். பிள்ளைகளை நிற்கவைத்துப் புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். போனில் வேண்டாம், ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டவேண்டும். அங்கே இருக்கும் படத்தில் சின்னவளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.