கம்ப்யூட்டரின் அந்தப் பக்கம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
16 ஆகஸ்டு 1999

அத்தானுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. கம்ப்யூட்டர் செத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் திறந்தேன். விண்டோஸா லினக்ஸா, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்குமே, அந்தக் கறுப்புத் திரைகூட வரவில்லை. உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல டிக் டிக் என்று ஒரு சத்தம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே சத்தம். டாக்சி பிடித்து இம்பி பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் கன்னையா கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போச்சு ஆன்டி, ஒண்ணும் செய்ய முடியாது லா. பேக்கப் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வயதுக்கு வந்த பெண்ணின் தாய், நடுக்கடையில் நின்று அழுதேன்.

அவர் கேட்டதை உங்களிடம் கேட்கிறேன். பேக்கப் இருக்கிறதா?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் வேண்டுமென்று நானா கேட்டேன்? தமிழில் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி போதும் என்றேன். நீங்கள்தான் ஆபீஸிலிருந்து லினக்ஸைக் கொண்டுவந்து, டிஸ்கை இரண்டாகப் பிரித்து, "இது உன் பக்கம், அது என் பக்கம். என் பக்கம் வராதே, எதையாவது கெடுத்துடுவே" என்றீர்கள். நான் ஒருநாளும் வந்ததில்லை. "பேக்கப்பெல்லாம் என் வேலை, நீ தொடாதே" என்றும் சொன்னீர்கள். தொடவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது, இங்கிருந்து போய்வர முடியாது என்று ஜூனில் கிள்ளானுக்குப் புறப்பட்டபோது உங்கள் டிஸ்குகளை மட்டும் துணியில் சுற்றிச் சுற்றி அடுக்கினீர்கள். என் பக்கம் என்ன ஆயிற்று?

நான் என்ன எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். அது ஒரு நாவல். பள்ளிக்கூடத்துப் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்து, சமையலை முடித்து, மிச்ச நேரத்தில் எழுதியது. வருஷக்கணக்காக எழுதியது. பதிப்பகத்தில் தீபாவளிக்குள் கேட்டிருக்கிறார்கள். தாளில் ஒரு பக்கம்கூட இல்லை. பிரிண்டருக்கு மை வாங்கித் தருகிறேன் என்று சொன்னவர் நீங்கள்.

போன் செய்யாதீர்கள். நான் கத்துவேன், பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஆன்டி சுவரில் காதை வைப்பார். இருக்கிறது, இல்லை. இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

கனகேஸ்வரி


கிள்ளான்
20 ஆகஸ்டு 1999

அன்புள்ள கனகேஸ்,

பதறாதே. இருக்கிறது.

உன் பக்கத்தையும் சேர்த்துத்தான் எப்போதும் பேக்கப் எடுத்தேன். நான் பொறுப்பில்லாதவன் என்று உனக்கு யார் சொன்னது? புறப்படுவதற்கு முன் ஆபீஸில் எல்லாவற்றையும் ஒரு சிடியில் எழுதிவைத்தேன். உன் வினாத்தாள்கள், மீனலோசனியின் யுனிவர்சிட்டி விண்ணப்பம், பூரணம் கதை முழுவதும் அதில் பத்திரமாக இருக்கின்றன. ஜூனுக்குப் பிறகு தட்டச்சு செய்தது மட்டும்தான் போயிருக்கும்.

கம்ப்யூட்டருக்காக டாக்சி பிடித்து ஓடியிருக்கிறாய். நான் இங்கே வந்ததிலிருந்து, என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி கேட்டாயா? கடைக்கு மேலே ஓர் அறை. கீழே லோரிகள் விடியுமுன் உறுமத் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்கு ஸ்டேஷன் பக்கம்வரை நடக்கிறேன். ரசம் என்ற பெயரில் வெந்நீர் ஊற்றுகிறார்கள்.

சிடியை அனுப்புவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன்,
தியாகராசா


பிரிக்பீல்ட்ஸ்
24 ஆகஸ்டு 1999

அத்தானுக்கு,

'இருக்கிறது' என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களை மனதுக்குள் எவ்வளவு திட்டிவிட்டேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு இன்னொரு முறை படித்தேன்.

பூரணம் கதை.

அந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் உங்களிடம் சொல்லவில்லை. பெற்ற மகள் மீனாவிடமும் சொல்லவில்லை. ஃபைலின் பெயர்கூட அதுவல்ல. கம்ப்யூட்டருக்குள் நுழையவே பாஸ்வேர்ட் வைத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் சந்திரகலாவிடம் ஆசிரியர் அறையில் கேட்டேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்த பாஸ்வேர்ட் விண்டோஸ் பக்கத்து வாசலுக்குத்தான் டீச்சர். லினக்ஸ் பக்கத்திலேர்ந்து வந்தா உங்க ஃபைல் எல்லாம் தெறந்துதான் கெடக்கும். யார் வேணும்னாலும் படிக்கலாம்."

யார் வேணும்னாலும் இல்லை. அந்த வீட்டில் லினக்ஸ் பக்கம் போகிறவர் ஒருவர்தான்.

அந்த பாஸ்வேர்டை நான் போட்ட அன்று நீங்கள் சிரித்தீர்கள். "பெரிய ரகசியமோ?" என்று கேட்டுவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று இப்போது புரிகிறது.

எதையெல்லாம் படித்தீர்கள்? எப்போதிலிருந்து? மறைக்காமல் எழுதுங்கள்.

கனகேஸ்வரி


கிள்ளான்
30 ஆகஸ்டு 1999

கனகேஸ்வரி,

படித்தேன். என்ன செய்யப்போகிறாய்?

படிக்கவேண்டும் என்று தொடங்கவில்லை. பேக்கப் எடுத்தால் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு ஃபைலையாவது திறந்து பார்க்கவேண்டும். அதுதான் முறை. உன் ஃபைலைத் திறந்தேன். குறிகளும் கோடுகளுமாக ஒரே குப்பை. லினக்ஸில் உன் தமிழ் எழுத்துரு கிடையாது. அதை எடுத்துவந்து என் பக்கத்தில் ஏற்றினேன். பிறகு தமிழ் தெரிந்தது. கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க நான் என்ன குருடனா?

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூரணம், அவள் புருஷன் ரயில்வே கிளார்க், அவர்கள் குவார்ட்டர்ஸ். நீ பள்ளிக்கூடம் போன பிறகு, லீவு நாட்களில் உட்கார்ந்து படித்தேன். பிறகு அந்த ஆள் செத்துப்போகிற அத்தியாயம் வந்தது. தகனம் முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். பூரணம் அடுப்பு மூட்டவில்லை. ரொட்டியில் காயா ஜாம் தடவி, சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறாள். 'ருசியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறாய்.

அந்த மனிதன் ரசத்தில் மிளகு தூக்கல் என்பான். நானும் சொல்வேன். செருப்பை வாசலில் ஒரே வரிசையில் வைக்கச் சொல்வான். நானும் சொல்வேன். அவன் செத்த அன்று அவன் பெண்டாட்டிக்கு ரொட்டி ருசிக்கிறது. இதைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் நீ போட்ட சோற்றை எப்படி விழுங்கினேன் என்று உனக்குத் தெரியுமா?

வேலை நேரம் ஒன்றும் மாறவில்லை. அந்தப் பொய்யை நீ ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பினாய். "ரெண்டு பெட்டி போதுமா?" என்றுதான் கேட்டாய். கதையில் எழுதியிருப்பது சரிதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் நம் ஆட்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கோவில் கமிட்டியில் இருந்தவன். புத்தகம் வந்தால் கந்தையா முதல் வீரசிங்கம் வரை படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்று கைப்பட எழுதி அனுப்பு. சிடி மறுநாளே வரும்.

தியாகராசா


பிரிக்பீல்ட்ஸ்
4 செப்டம்பர் 1999

திரு. தியாகராசா அவர்களுக்கு,

எழுதித் தரமாட்டேன்.

சிடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சந்தை வியாபாரி மாதிரி என் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே பேரம் பேசுகிறீர்களா? பயிற்சிப் புத்தகம் வாங்கி, முதல் வரியிலிருந்து கையால் எழுதத் தொடங்கிவிட்டேன். நினைவிலிருந்து எழுதுகிறேன். வராத இடத்தில் புதிதாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது எது தெரியுமா? எழுத்துரு. பேக்கப் சரியாக வந்ததா என்று பார்க்க, ஃபைல் திறக்கிறதா என்று பார்த்தால் போதாதா? குப்பையாகத் தெரிந்ததும் மூடியிருக்கலாம். நீங்கள் என் எழுத்துருவைத் தேடி எடுத்து, உங்கள் பக்கத்தில் ஏற்றி, அது சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்த்து, இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எழுந்து சமையலறைக்கு வந்து, "கனகேஸ், என்ன எழுதுறே?" என்று கேட்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருப்பேன். அந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். நீங்கள் சுவரில் ஓட்டை போட்டீர்கள்.

காயா ரொட்டி சாப்பிட்டது நான் இல்லை. என் அம்மா. அப்பா இறந்த அன்று, செந்தூல் வீட்டில், எல்லோரும் போன பிறகு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "பசிக்குது புள்ள" என்று சொல்லி அழுதார். ருசியும் அழுகையும் ஒரே வாயில் இருந்தன. அதைத்தான் எழுதினேன். உங்களுக்கு ருசி மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அதோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டி கட்டியிருக்கிறீர்கள்.

எழுதும்போது உங்களை நினைக்கவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மிளகு உங்களுடையதுதான். செருப்பும் உங்களுடையதுதான். வேறு யாருடைய புருஷனை எனக்கு இவ்வளவு தெரியும்?

"ரெண்டு பெட்டி போதுமா?" என்று கேட்டதை இப்போது குற்றமாகச் சொல்கிறீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் போகவா என்று கேட்கவில்லை. போகிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

கனகேஸ்வரி


கிள்ளான்
27 செப்டம்பர் 1999

அன்புள்ள கனகேஸ்,

இதோடு சிடி இருக்கிறது. நிபந்தனை எதுவும் இல்லை. வேறு பிரதியும் இல்லை. என் டிஸ்குகளில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். ஒரு சிடியை நம்பி இருக்காதே, கைக்கு வந்ததும் முதல் வேலையாக இன்னொன்று எடுத்து வை. பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று.

அனுப்புவதற்கு முன் விட்ட இடத்திலிருந்து கடைசிவரை படித்தேன். கேட்காமல் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரயில்வே கிளார்க்கின் சட்டையைப் பூரணம் தானம் கொடுக்காமல் வைத்துக்கொள்கிற இடம் வந்தபோது எனக்கு உன்மேல் இன்னும் கோபம் வந்தது. இப்படி எழுதத் தெரிந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், என்னிடம் அரிசி விலையைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. என்மேலும் கோபம்தான். அதை எழுத எனக்கு வராது.

மீனா ஞாயிற்றுக்கிழமை பினாங்கிலிருந்து போன் செய்தாள். "என்னப்பா இது, கொமுட்டர் ட்ரெய்ன்ல ஒரு மணி நேரம், நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்கிறீங்க. போய் பேசுங்க லா" என்று திட்டினாள். தீபாவளிக்கு அவள் வருகிறாள். நானும் வரட்டுமா? இந்த முறை கேட்கிறேன்.

அந்த அத்தியாயத்தை நீ வைத்துக்கொள். கந்தையா பார்த்தால் பார்க்கட்டும்.

உன்,
தியாகராசா


பிரிக்பீல்ட்ஸ்
18 அக்டோபர் 1999

அத்தானுக்கு,

சிடி உடையாமல் வந்தது. சந்திரகலாவின் முன்னால்தான் திறந்தேன். எல்லாம் இருந்தது. ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. உங்கள் வேலையில் நீங்கள் சுத்தம், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. நன்றி. இதை மனதாரச் சொல்கிறேன்.

கையால் எழுதியதையும் சிடியில் இருந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். கையால் எழுதியதில் பூரணம் கொடூரமாக இருக்கிறாள். ரொட்டி தின்றுவிட்டுச் சிரிக்கிறாள். செத்தவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. ஏன் இப்படி எழுதினேன் என்று யோசித்தேன். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்து எழுதியது அது. உங்களைக் குத்துவதற்காக எழுதியது. பழையது அப்படி இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுதியது. அதனால்தான் அதில் அழுகையும் இருக்கிறது. பழையதையே பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அதைக் காப்பாற்றித் தந்திராவிட்டால் என்னால் அதைத் திரும்ப எழுதியிருக்கவே முடியாது.

உங்கள்மேல் இருக்கும் கோபமும் இதனால்தான் தீரவில்லை. அப்படி எழுத இனி எனக்கு வருமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கழித்த ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சந்திரகலா வாங்கித் தந்தாள். அதில் ஒரே சிஸ்டம்தான். போன வாரம் புதிதாக ஒன்று தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரி அடித்தேன். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. அடுத்த வரி வரவில்லை. உங்களால் இதற்கு எந்தப் பேக்கப்பையும் தரமுடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வரவேண்டாம். கேட்டதற்காக உங்கள்மேல் மதிப்பு கூடியிருக்கிறது, ஆனாலும் வரவேண்டாம். மீனா தீபாவளிக்கு இங்கே குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிள்ளானுக்கு வருவாள். முறுக்கு கொடுத்தனுப்புகிறேன். அடுத்த தீபாவளிக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நான் அந்த வரியை எழுதி முடிக்கிறேனா என்று முதலில் பார்க்கவேண்டும்.

புத்தகம் மார்ச்சில் வரும் என்கிறார்கள். உங்களுக்கு நான் பிரதி அனுப்பப்போவதில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். மற்றவர்கள் எல்லோரும் வாங்குவதுபோல நீங்களும் வாங்கிப் படியுங்கள்.

கனகேஸ்