வேப்பம்பட்டு என்று சொல்லி முடித்தவனுக்கு

அன்புள்ள சகபயணிக்கு,

இன்று காலை மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கிக்குள் குடியிருக்கும் ஒரு பெண்குரல் "அடுத்த நிலையம், வேப்பம்பட்டு" என்று எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை வெல்ல நீ நடத்திய யுத்தத்துக்கு முன்னால் மூவேந்தர் போர்களெல்லாம் கோலிக்குண்டு விளையாட்டு. நீ மேலோகம் போய்ச் சேர்ந்த பிறகு இதை எடுத்துச் சொல்ல இந்த ரயிலில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அது கரி ரயில் காலம். திருவள்ளூரில் ஏறி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போவோம். உனக்குத் திக்குவாய். 'ப' என்ற எழுத்து உன் நாக்குக்குப் பரம்பரை எதிரி. பேச ஆரம்பிப்பாய், நடுவில் சிக்கும், 'விடு' என்று கையை ஆட்டிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். நீ பாதியில் விட்ட வாக்கியங்களை அடுக்கினால் பெரியபாளையம் கோபுரம் அதன் முழங்கால் உயரம்கூட வராது.

ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல், சன்னலில் தலையை நீட்டி "வேப்... வேப்..." என்றாய். உன் எதிரி இரண்டு இடத்தில் பதுங்கியிருக்கும் ஊரையே தேடிப் பிடித்திருந்தாய். வண்டி நின்றது, கிளம்பியது. நீ விடவில்லை. திருநின்றவூர் நெருங்கும்போது "...பம்பட்டு!" என்று முடித்தாய். உன் குரலை நம்பி அங்கே இறங்கியவர்கள் அங்கேயே கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்துவிட்டதாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேட்டு முதலில் சிரித்தவன் நீதான்.

மறுநாளும் சொன்னாய். அதற்கடுத்த நாளும். மழையோ காய்ச்சலோ உன்னைத் தடுக்கவில்லை. கூடையோடு எதிரே உட்காரும் கீரைக்காரம்மா விடமாட்டாள்.

"இன்னா நைனா, வண்டி பூட்ச்சி, உன் ஊரு இன்னும் வர்லியே?"

"வ... வந்துக்கினே கீதும்மா."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாபா இது, ஒரே ஊரப் புடிச்சிக்கினு? சென்ட்ரல் வரிக்கும் எல்லா ஊரையும் கத்து. ஒரே மாசத்துல நாக்கு மெயில் வண்டி கணக்கா ஓடும்!"

"ஒ... ஒண்ணு போதும்பா. நாளிக்கும் கத்தணும்ல?"

நாளடைவில் பெட்டிக்கே அது பழகிவிட்டது. நீ சன்னலை நோக்கித் திரும்பினாலே கீரைக்காரம்மா, "சும்மா கெடங்கய்யா, அது சொல்லட்டும்" என்று எல்லோரையும் அதட்டுவாள். எஞ்சினே புகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தது என்பது என் வர்ணனை. அதில் பாதியாவது உண்மை.

அப்புறம் எனக்கு வந்தது சோதனை. நான் ஓட்டிக்கொண்டிருந்த, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் உடைந்துபோனது. விரிசல் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். ஓட்டச் சொன்னவர் மேஸ்திரி. உடைந்ததும், நான் தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். பக்கத்து மெஷினில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஒரே சாட்சி நீ. என் வீட்டில் கைக்குழந்தை, என் சோறு உன் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"வி... வி..."

மேஸ்திரி மீசைக்குள் சிரித்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, இவர் தூங்கிட்டாரு, அதைத்தானே சொல்ல வரீங்க? எழுதிக்கோங்க" என்று குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

உன் கை உயர்ந்தது. 'விடு' என்று ஆட்டப் போகிறாய், தொலைந்தேன் என்று என் குலை நடுங்கி, பூகம்பமாகி, கும்மிடிப்பூண்டி வரை அதிர்ந்தது. அந்தக் கையோ குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்து நில் என்றது.

"இ... இருங்க சார். நா... நானே சொல்லி முடிக்கறேன்."

உன் அடுத்த சொல் வருவதற்குள் நான் ஏழு பிறவி எடுத்து முடித்தேன். அதிகாரி கடிகாரத்தை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார்.

"விரிசல் கீதுன்னு இவரு சொன்னாரு சார். ப... ப... பரவால்ல, ஓட்டுன்னு மேஸ்திரிதான் சொன்னாரு. நான் பா... பாத்தேன்."

என் வேலை தங்கியது. உன் திக்கலும் கடைசிவரை உன்னிடமே தங்கியது. ஆனால் பாதியில் விட்ட வாக்கியம் என்று உன்னிடம் அதற்குப் பிறகு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தினமும் ஒரே ஊர்ப்பெயரை முடித்து முடித்து, எதையும் முடிப்பவனாகவே ஆகிப்போனாய்.

அந்த அறையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து நானும் ஒரு காரியம் செய்துவருகிறேன். தினமும் யாராவது ஒருவரை, குறுக்கே பாயாமல், பேசி முடிக்க விடுகிறேன். ஆதிசேஷனே கடன் கேட்டு வரும் அளவுக்கு நாக்குகள் படைத்த எனக்கு, இது பூமியைத் தலையில் தாங்குவதைவிடக் கஷ்டம். முதல் நாள் என் வீட்டுக்காரி பயந்தே போனாள். "இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? எதிர்ப்பேச்சே காணோம்?"

இன்றைக்கு உன் முறை. சொல்லு. எவ்வளவு நேரமானாலும் நான் நடுவில் பேசமாட்டேன்.