ஊறுகாய்க்கு ஒரு வாக்கியம்

அன்புள்ள உருளைக்கு,

அம்மா எழுதுவது. பிறந்தபோது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தாய், அந்தப் பேர் இன்னும் உன்னை விடவில்லை. இங்கே நான் சௌக்கியம், வலது முழங்காலைத் தவிர, அது எப்போதும் தனிக்கட்சி. நீ எப்படி இருக்கிறாய், முதுகுவலி குறைந்ததா, லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது தலைக்கவசம் போடுகிறாயா அல்லது முடி கலைந்துவிடும் என்று கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறாயா, ஒன்றும் தெரியவில்லை. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்' போடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து 'சரிம்மா, வைக்கிறேன்' என்று சொல்ல முடியாது பார்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று டிமிக்கி கொடுக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் மகளோடு இருக்கப் போய்விட்டார், அந்த ஜன்னலில் இப்போது வாடகைக்கு என்று ஓர் அட்டை தொங்குகிறது, மாலையில் வாசல் விளக்கைப் போடும்போது கையசைக்க ஆள் இல்லை. அப்பா போன பிறகு வாங்கிய சின்ன குக்கரும் எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. டி.வி.யைப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன், பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். இதைப் படித்ததும் போன் போட்டு அழுறியாம்மா என்று கேட்காதே, அழவில்லை. தனியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அலுவலகக் கதைக்கு வருகிறேன். அகராதியின் திருத்திய பதிப்பு அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதோடு எனக்கும் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். என் பங்குக்கு வந்த சொற்களெல்லாம் முடிந்துவிட்டன, ஒன்றைத் தவிர. என்ன சொல் தெரியுமா, ஊறுகாய். சிரிக்காதே. பொருள் எழுதுவதில் கஷ்டம் இல்லை. ஊறு என்றால் நனைந்து உள்வாங்குவது, ஊறியது காய், அதனால் ஊறுகாய், சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கிணற்றில் நீர் ஊறுவது உள்ளேயிருந்து வருகிறது, உப்பில் காய் ஊறுவது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது, இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் என்று எங்கள் ஆசிரியரோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன். ஆசிரியர் என்றால் காற்புள்ளிதான், யார் எழுதியதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு காற்புள்ளி வைக்காமல் திருப்பித் தர மாட்டார் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான், இந்தக் கடிதத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் போடுவதால் பிக்கிள் எங்கிருந்து வந்தது என்றும் துருவினோம். டச்சுக்காரர்கள் உப்புத்தண்ணீருக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. அதாவது காய்க்குப் பெயரில்லை, அது மூழ்கிக் கிடந்த தண்ணீருக்குத்தான் பெயர். ஒரு மீனவரின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதையும் உண்டு, கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை என்று காற்புள்ளி அதை வெட்டிவிட்டார். ஆங்கிலேயர்கள் இக்கட்டில் மாட்டிக்கொண்டாலும் ஊறுகாய்க்குள் இருக்கிறேன் என்றுதான் சொல்வார்களாம். நான் இப்போது இருப்பது அதில்தான்.

என்ன இக்கட்டு என்றால், எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேச்சு வாக்கியம் வேண்டும், அதை நாமாக இட்டுக்கட்டக் கூடாது, ஆளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லு என்று கேட்கவும் கூடாது, யாராவது இயல்பாகச் சொல்லி நம் காதால் நேரில் கேட்டிருக்க வேண்டும். முன்பு ஒருவர் எல்லா வாக்கியத்தையும் தானே எழுதி வைத்து, அகராதி முழுக்க ஒரே ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டதாம், அதிலிருந்து இந்தக் கறார். ஊறுகாயின் மற்றப் பொருள்களுக்கு வாக்கியம் வந்து குவிந்துவிட்டது. தட்டச்சுப் பெண் வந்து 'என்னைய ஊறுகா மாதிரி தொட்டுக்கத்தான் வச்சிருக்காங்க' என்று மூக்கைச் சிந்தினாள், அட்டையில் எழுதிக்கொண்டேன். நான் பழைய பைகளைச் சேர்த்து வைப்பதைப் பார்த்து வேலை செய்ய வருகிற அக்கா 'இத்தனையையும் வச்சு ஊறுகாயா போடப் போறீங்க' என்றாள், அதையும் எழுதிக்கொண்டேன். தின்கிற ஊறுகாய்க்குத்தான் ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், எல்லோரும் வாயே திறக்காமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேன்டீன் மேசை நடுவில் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். 'அதை இப்படித் தள்ளுங்க', 'அதுல கொஞ்சம்', 'போதும் போதும்', தினமும் இதுதான். பாட்டில் காலியானதுதான் மிச்சம், பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம்தான் உறைத்தது, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற பொருளுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. இல்லாதபோதுதான் பெயரைச் சொல்கிறோம். நீ இங்கே இருந்தவரை உன்னை டேய் என்பதோடு சரி. இப்போதுதான் துணி மடிக்கும்போதும் பால் காய்ச்சும்போதும் உன் பேர் வாயில் வந்துவிடுகிறது, நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாயே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, ஆறிப்போன சோறும்மா, 'ஒரு துண்டு ஊறுகா இருந்திருந்தா இன்னும் ரெண்டு வாய் உள்ள போயிருக்கும்' என்றாய். நான் போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அட்டையைத் தேடப் போய்விட்டேன். நீ ஹலோ ஹலோ என்று கத்தினாய், லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். அதற்கு அடுத்து, எப்போது வருகிறாய் என்று கேட்டேன், பார்க்கலாம்மா என்றாய். பார்க்கலாம் என்பதற்கு எங்கள் அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் உன் வாக்கியத்தைக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காற்புள்ளி மேசையில் வைத்தேன். சொன்னவர் மகன் என்று படித்துத் தலையாட்டினார். கேட்ட இடம் தொலைபேசி என்பதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். 'போன்ல கேட்டது செல்லாதும்மா, நேர்ல கேட்டிருக்கணும், உங்களுக்குத் தெரியாததா' என்றார். எனக்குத் தெரியாததில்லை. அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவதே நான்தான். வாக்கியம் வராவிட்டால் அந்த இடத்தில் சான்று கிடைக்கவில்லை என்று அச்சாகிவிடும், ஊறுகாய்க்கா சான்று கிடைக்கவில்லை என்று ஊரே சிரிக்கும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள். நேற்று மதியம் வாசலில் காவலாளி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம், 'இன்னிக்கு ஊறுகா வைக்க மறந்துட்டாங்கம்மா, சாப்பாடு இறங்குன மாதிரிதான்' என்றார். கேட்கவே வேண்டாம், அப்படி ஒரு வாக்கியம். நேரில் சொன்னது, தானாகச் சொன்னது, காற்புள்ளி கண்ணில் ஒற்றிக்கொள்வார். பையில் அட்டை இருந்தது, பேனாவும் இருந்தது. நான் காதில் விழாதவள் மாதிரி குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டேன். காதில் விழுந்த வாக்கியத்தை இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு நாளும் கீழே விட்டதில்லை. அந்த இடம் நிரம்பிவிட்டால் உன்னைக் கூப்பிட எனக்கு வேறு சாக்கு இல்லையடா. ஓய்வு பெறுகிறேன் வா என்றால் லீவு இல்லை என்பாய், முழங்கால் வலிக்கிறது என்றால் டாக்டரைப் பார் என்பாய்.

அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. உன் அலுவலகத்தில் சொல்லிக்கொள், அம்மா வேலை விஷயமாகக் கூப்பிட்டாள் என்று, பொய்யும் இல்லை. அப்பா நாற்காலியில் துணிக்கூடையை வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடுகிறேன். சூடாகப் போடுகிறேன், எதிரே உட்கார்ந்து சாப்பிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு, நீண்ட நாள் இரு, உன் கைபட்ட லிஃப்ட் எதுவும் நடுவில் நிற்காமல் இருக்கட்டும். தலைக்கவசத்தை மறக்காதே. அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கிறது, நீ வரும் அன்று அதை மேசையில் வைக்க மாட்டேன். நீயாக வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

எழுதாத அட்டையோடு காத்திருக்கும்,
உன் அம்மா