பனையடி விலக்கில் இறங்கித் தெற்கே

2.2.1997, ஞாயிறு

காலையில் சுந்தரியோடு ஆற்றுக்குப் போய் வந்தேன். பேட்டையில் பஸ் ஏறி, பனையடி விலக்கில் இறங்கி, மதார் கடையில் ஒரு டீ. பிறகு வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டிப் பாதை. பிசான நெல் வயல்கள் பழுத்துக் கிடக்கின்றன. சீக்கிரம் அறுப்பு தொடங்கிவிடும். அவள் கையில் வண்ணப் பெட்டியும் அட்டையும், என் கையில் தண்ணீர்ச் செம்பும் மடக்கு நாற்காலியும். பத்திரிகை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த உத்தியோகம் இதுதான்.

அவள் வரைகிறாள். நான் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து சும்மா பார்க்கிறேன். முதல் மாதம் இந்தச் 'சும்மா' வரவில்லை. கை பேனாவைத் தேடியது. இப்போது பழகிவிட்டது. தண்ணீரில் வெயில் விழுந்து எதிர்க்கரை மருத மரத்தின் அடியில் அலைவதை இன்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னும் அது அலைந்துகொண்டுதானே இருந்திருக்கும்?

5.2.1997, புதன்

மூக்கடைப்பு. போகவில்லை. போகாதது குறையாக இருக்கிறது. இதுவே ஒரு செய்திதான்.

16.2.1997, ஞாயிறு

ஆறு அறுத்த செங்குத்தான கரையில் குருவிகள் பொந்து தோண்ட ஆரம்பித்துவிட்டன. பச்சை உடம்பு, கழுத்தில் கறுப்புக் கோடு, வால் நடுவில் கம்பி போல ஓர் இறகு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நண்பர் ஒருவர் பஞ்சுருட்டான் என்று பெயர் சொன்னார். அலகால் குத்தி, காலால் மணலைப் பின்னால் தள்ளுகிறது. பொந்துக்குள் இருந்து மணல் பீறிட்டு வருவதைப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன இயந்திரம் ஓடுவது போல இருக்கிறது. இணைப் பறவை வெளியே கம்பில் உட்கார்ந்து, பிடித்த தும்பியைக் கிளையில் அடித்து அடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

"பாருங்க, அவருக்குச் சாப்பாட்டோட காத்துக்கிட்டு இருக்கா" என்றாள் சுந்தரி.

"வெளியே இருக்கிறது ஆணாகவும் இருக்கலாமே."

"இருக்கலாம். குருவிதானே."

அவள் கல்யாணத்துக்கு முன் டிராயிங் லோயர் பரீட்சை தேறியவள். அவள் அப்பா விக்கிரமசிங்கபுரம் நூலாலையில் கணக்கர். அந்தக் காலத்திலேயே மகளுக்கு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தவர். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தூரிகையைத் தொடவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீங்க எப்ப வருவீங்க, எப்ப போவீங்கன்னு தெரியாத வீட்டுல சாயத்தக் கரைச்சு வச்சுக்கிட்டு எப்படி உக்கார முடியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

இந்தக் கரையை அறுத்தது தொண்ணூற்றிரண்டு வெள்ளம். அப்போது இங்கே வந்து நீர்மட்டமும் இடிந்த வீடுகளும் குறித்துக்கொண்டு போனவன் நான். எல்லாம் சரியாகக் குறித்தேன். ஆற்றைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

2.3.1997, ஞாயிறு

இந்தக் கரையைப் பற்றி எழுதலாமா என்று பஸ்ஸில் கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்களேன். எல்லாத்தையுமா எழுதணும்?"

வெட்கப்படுகிறாள். படம் வரைவதை அக்கம்பக்கத்தில் கூட அவள் சொன்னதில்லை. அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எழுத முடியும்.

9.3.1997, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது. கொலை, தேர்தல், விபத்து, வெள்ளம் என்று எழுதிய கை இது. முதல் தடவையாக, எனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். சுந்தரி பெயர் இல்லை, அவள் வரைவதும் இல்லை. அச்சில் வந்ததும் காட்டினால் சந்தோஷப்படுவாள்.

13.3.1997, வியாழன்

எங்கள் பேப்பரில் ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நடராஜ் போன் செய்தான்.

"அண்ணாச்சி, கட்டுரை பிரமாதம். ஆனா கீழ ஒரு விளம்பரம் வந்திருச்சு. நாலு வரி வெட்டணும். பஸ் எங்க ஏறணும், எங்க இறங்கணும், மேட்டு மேல நின்னா ஆறு வளைஞ்சு போறது தெரியும் - இதெல்லாம் எடுத்திரவா?"

"அதுல கை வைக்காதே. வாசிக்கிறவன் எப்படிப் போவான்?"

"அப்ப எதை எடுக்க?"

"பொந்து எவ்வளவு நீளம், மேட்டுக்கு அடியில கரை எல்லாம் உள்ளே பொள்ளலா இருக்குன்னு ஒரு பத்தி வருமே, அதை எடு. அது விலங்கியல் பாடம் மாதிரி இருக்கு."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரி."

16.3.1997, ஞாயிறு

வந்துவிட்டது. அரைப் பக்கம். வழி தப்பில்லாமல் வந்திருக்கிறது: 'பனையடி விலக்கில் இறங்கித் தெற்கே வண்டிப் பாதை.'

சுந்தரி அடுக்களையில் நின்றபடியே வாசித்தாள். இரண்டு தடவை வாசித்த மாதிரி இருந்தது. பேப்பரை மடித்து மாவு டப்பா மேல் வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள்.

"உன் பேரைப் போடலையே" என்றேன்.

"என் பேரு யாருக்கு வேணும்? இடத்தச் சொல்லிட்டீங்களே."

"நாலு பேர் பார்க்கட்டும்னுதான்."

"உங்களுக்கு ஒண்ணப் பார்த்தா மட்டும் போதாது. அச்சுல வரணும்."

பத்து மணிக்குப் பழைய தலைமையாசிரியர் அருமைநாயகம் போன்: "வே, அருமையா எழுதியிருக்கீரு! அடுத்த ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறோம்." மற்ற நாளாக இருந்தால் இதை அவளிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருப்பேன்.

23.3.1997, ஞாயிறு

மதார் கடை வாசலில் சைக்கிளும் ஸ்கூட்டரும். அவர் கல்லாவை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்ன எழுத்து எழுதியிருக்கிய! காலையிலேயே பால் தீந்து போச்சு. ஆளனுப்பி வாங்கிட்டு வாரேன். கடை பேரையும் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

இரண்டு டீக்கும் காசு வாங்க மாட்டேன் என்றார். சுந்தரி டீயைத் தொடவில்லை.

கரையில் கூட்டம் என்று சொல்ல முடியாது. பத்திருபது பேர். நல்லவர்கள்தான், சத்தமில்லாமல் பார்த்தார்கள். அருமைநாயகம் கண்களில் தண்ணீர் வந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை ஒளிக்கவில்லை. சுந்தரி வண்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருந்தது.

30.3.1997, ஞாயிறு

இன்று கூட்டம்தான். டிரான்சிஸ்டர், பந்து, எண்ணெய்க் காகிதம். பையன்கள் பொந்துக்குள் கம்பு விட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் எல்லாம் மேட்டு விளிம்பில் வரிசையாக நிற்கிறார்கள். விளிம்பில் இருந்து மணல் சரசரவென்று உதிர்கிறது. குருவிகள் வாயில் பூச்சியோடு வந்து வந்து, உள்ளே போகாமல் திரும்புகின்றன.

மேலே ஏறிப் போய், இறங்குங்கள், கரை உள்ளே பொள்ளல், சரியும் என்று சொன்னேன்.

"ஏலே, பெருசு என்னமோ சொல்லுது, கேளுலே" என்றான் ஒருவன்.

"ஆத்த ஒமக்கு எழுதி வச்சிருக்கா வே?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவி பிள்ளைகளோடு வந்திருந்த ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். சட்டைப் பையில் இருந்து ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டினார். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இங்கன நின்னுதான் பாக்கணும்னு பேப்பர்லயே போட்டிருக்கான். வாசிச்சுப் பாருங்க. பொள்ளல்னுலாம் ஒண்ணும் போடலயே."

வாசித்தேன். அப்படித்தான் போட்டிருந்தது. எழுதினவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

சுந்தரி கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். பேசியிருக்கலாம். ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

6.4.1997, ஞாயிறு

சரிந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலமாம். யாருக்கும் அடியில்லை, மணலோடு சறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது என்றார் மதார். நல்லவேளை என்று அவர் சொல்ல, நானும் நல்லவேளை என்றேன்.

கரை நெடுகப் பெரிய சரிவு. பொந்து இருந்த சுவரே இல்லை. குருவிகள் சுவர் இருந்த இடத்துக்கு நேராகப் பறந்து வந்து, காற்றில் அப்படியே நின்று, விலகிப் போகின்றன. மறுபடியும் வருகின்றன. சுந்தரி குனிந்து மணலைப் பைய விலக்கிப் பார்த்தாள். வெள்ளை ஓடு, கொஞ்சம் மஞ்சள். மணலாலேயே திரும்ப மூடினாள்.

"போலாம்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் முழங்கையைப் பிடித்தேன், மேடு ஏற. தானாக ஏறிக்கொண்டாள்.

ஏன் அந்தப் பத்தியை வெட்டச் சொன்னேன்? விலங்கியல் பாடமாம். பெரிய எழுத்தாளன்! நாலு வரி. நாலே நாலு வரி, என் வாயால சொன்னேன் எடுன்னு. அவன் கேட்டானே, கேட்டானே ஒரு தடவ -

7.4.1997, திங்கள்

நடராஜ் போன். "கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. கஷ்டமா இருக்கு. இதையே ஒரு கட்டுரையா எழுதுங்களேன். மக்கள் அலட்சியம்னு. வர ஞாயிறே போட்ருவோம்."

மத்தியானம் உட்கார்ந்து ஆரம்பித்தும்விட்டேன். முதல் வாக்கியம் நன்றாகவே அமைந்தது. சுந்தரி காப்பி கொண்டு வந்து வைத்தாள். தாளைப் பார்த்தாள்.

"இன்னொண்ணா?"

கோபம் கூட இல்லை அந்தக் குரலில். கிழித்துப் போட்டேன். அவள் போன பிறகுதான் கிழித்தேன். அவள் முன்னால் கிழித்திருந்தால் அதுவும் ஒரு காட்டுதல் ஆகியிருக்கும்.

14.4.1997, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. வண்ணப் பெட்டி பரணில் ஏறியிருக்கிறது. எப்போது ஏற்றினாள் என்று தெரியவில்லை.

22.6.1997, ஞாயிறு

சாரல் காற்று. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். பேட்டைத் தெருவில் கூட மண்ணும் இலையும் ஈரமாக மணக்கின்றன. இந்த மாதிரிக் காற்றில் அவளோடு கரையில் இருந்திருக்க வேண்டும்.

தனியாகப் போனேன். கரையில் யாரும் இல்லை. ஆளும் இல்லை, குருவியும் இல்லை. மதார் புதிதாக இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார். அதிலும் யாரும் இல்லை.

"கூட்டம் நின்னு போச்சு அண்ணாச்சி. இந்தப் பக்கம் வேற ஒண்ணும் அதிசயம் இல்லையா? பாத்து எழுதிப் போடுங்களேன்."

இன்று டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு நிம்மதி.

19.7.1997, சனி

டவுனில் நல்ல தூரிகையாகப் பார்த்து வாங்கி வந்தேன். மயிரும் முனையும் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கைக்கு வரல. வந்தாப் பாப்போம்."

உறையிலேயே போட்டு வைத்தாள்.

முப்பது வருஷம் வேலையைச் சாக்கு வைத்து அவள் கையைக் கட்டினேன். வேலை போன பிறகு திறந்த கையை, வேலையில்லாமலே கட்டினேன்.

9.10.1997, வியாழன்

விடிந்ததும் சுந்தரி வெளியே கிளம்பினாள். "சொர்ணாம்பாளப் பாத்துட்டு வாறேன்." அவளோடு படித்தவள், இப்போது வண்ணார்பேட்டையில் இருக்கிறாள். நான் வரட்டுமா என்றேன். "நீங்க எதுக்கு? பொம்பளைங்க பேச்சு" என்றாள். பத்து மணிக்குத் திரும்பினாள். சேலை ஓரத்தில் ஈரச் சேறு. வண்ணார்பேட்டைத் தெருவில் இந்தச் சேறு கிடையாது. கேட்கவில்லை.

19.10.1997, ஞாயிறு

மறுபடியும் சொர்ணாம்பாள். இந்தத் தடவை பை கொஞ்சம் பெரிது.

23.11.1997, ஞாயிறு

மழை விட்ட காலை. முற்றத்தில் கொடியில் ஒரு தாள் கிளிப் போட்டுத் தொங்கியது. காய்வதற்காக. மறைக்க நினைத்ததாகத் தெரியவில்லை; காட்ட நினைத்ததாகவும் தெரியவில்லை.

தண்ணீர், தண்ணீருக்குள் முறிந்த மரம், மரத்தில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம். இவ்வளவு நன்றாக அவள் வரைந்து நான் பார்த்ததில்லை. என்னோடு வந்த நாட்களில் இந்தக் கோடு இல்லை. அவசரம் இல்லாத கோடு.

பின்னால் மலை வரைந்திருந்தாள். அந்த முகட்டு வரிசை, மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே தெரியும் கோயில் கோபுரம், வெயில் விழும் பக்கம் - இத்தனை இருந்தால் எந்த ஊர், எந்தக் குளம் என்று அரை மணியில் சொல்லிவிடுவேன். மனசு கணக்குப் போட ஆரம்பித்தேவிட்டது. போதும் என்று உள்ளே போய் அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாப்பிடும்போது, "பாத்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். இறகு நனைஞ்சிருக்கிறது தெரியுது."

தட்டில் இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

21.12.1997, ஞாயிறு

பனி. காலையில் அவள் கிளம்பும்போது பையை நான் வாங்கிக்கொண்டேன். சொர்ணாம்பாள் பெயரை இன்று அவள் சொல்லவில்லை. பேட்டை முக்கு வரை நடந்தோம். வண்ணார்பேட்டைக்கு டவுன் பக்கம் போகிற பஸ்ஸும் அங்கேதான் நிற்கும், சேரன்மகாதேவி பக்கம் போகிறதும் அங்கேதான். டீக்கடையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"பஸ் வர வரைக்கும் நிக்கலாமே" என்றாள்.

நிற்கலாம் என்றுதான் இருந்தது. தூரத்தில் ஹாரன் கேட்டது. எந்தப் பக்கம் என்று காது தேடியது.

"இல்ல, நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஊர் பெயரைக் கூவப் போகிறான் என்று தெரிந்தது. காதோடு மப்ளரை இறுக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டேன்.