கொத்தனாரின் நூலில் துணி காயப்போட்டது நான்தான்

அனுப்புநர்
கட்டட அனுமதி பெற்ற வெளிநாட்டுக் குடும்பத்தார்,
மனை எண் 17, புது விரிவாக்கப் பகுதி.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மனை எண் 17-இன் பின்சுவர் எல்லை மீறியது – கொத்தனாரின் உரிமம் ஆறு மாதம் நிறுத்தப்பட்டது – தவறு அவருடையதன்று – உரிமத்தைத் திருப்பித் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டின் பின்சுவர் பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளிக்குள் நான்கு விரற்கடை நுழைந்திருப்பதைத் தங்கள் ஆய்வாளர் கண்டுபிடித்தார். நாடா பிடிக்காமல் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார். அந்தக் கண்ணைக் குறைசொல்ல இந்த மனு எழுதப்படவில்லை. குற்றவாளியைத்தான் அவர் மாற்றிப் பிடித்துவிட்டார்.

2. சுவர் எழுப்புவதற்கு முந்தைய நாள் கொத்தனார் நான்கு மூலையிலும் முளை அடித்து, நூல் இழுத்து, மூன்று முறை அளந்துவிட்டுப் போனார். அதன்பின் கைக்குழந்தையோடு நான் அங்கே போனேன். குழந்தை வாந்தி எடுத்தது. தொட்டில் துணியை அங்கிருந்த குழாயில் அலசினேன். காயப்போடக் கொடி இல்லை. விறைப்பாக ஒரு கயிறு கண்ணில் பட்டது, போட்டுவிட்டேன். ஈரத் துணியின் கனத்தில் முளை சாய்ந்தது. பதறிப்போய், பெயர்ந்து வந்த முளையை நிமிர்த்தி, காலால் மிதித்து இறுக்கினேன். பார்க்க நேராகத்தான் இருந்தது. இடம்தான் மாறியிருந்தது. படித்த எனக்கு அது உறைக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. மறுநாள் அந்த நூலை நம்பித்தான் கொத்தனார் சுவரை எழுப்பினார்.

3. ஆய்வாளர் கேட்டபோது கொத்தனார் ஒரே வரியில், "நூல் என்னோடது சார், தப்பும் என்னோடது" என்றார். நான் ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

4. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டார் விதி மீறினால் அனுமதியே ரத்தாகும் என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "சும்மா இரு. நாம வெளியாளுங்க. நீ வாயத் திறந்தா வீடே போயிடும்" என்றார் என் கணவர். ஒற்றை அறை வாடகை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறோம், ஐயா. பயந்துவிட்டேன்.

5. ஆனால் அந்தக் கொத்தனார் எப்படிப்பட்டவர் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். வெளிநாட்டார் வேலை என்றால் காகிதத் தொல்லை என்று மூன்று கொத்தனார்கள் கைவிரித்தார்கள். இவர் மட்டும் வந்தார். நான்காம் முறையும் எங்கள் படிவம் திரும்பி வந்தபோது, வேலையை விட்டுவிட்டு என்னோடு தங்கள் அலுவலக வரிசையில் நின்றார். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து, ஓசை பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடுவார். நூலிழை கோணியதற்காக, தாம் அரைநாள் எழுப்பிய முன்சுவரைத் தாமே இடித்தார். "இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே" என்றேன். "உங்க புள்ளைங்க சாஞ்சு உக்கார்ற சுவரும்மா இது" என்றார்.

6. உரிமம் போன மறுநாள் அவர் மனைக்கு வந்தார். செங்கல்லைத் தொடவில்லை. குழாயடியில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு கயிறு கட்டினார். "கொடி கட்ட லைசென்ஸ் வேணாம்ல?" என்று சிரித்தார். அவர் போனபின் பார்த்தேன். கயிற்றின் நடுவில் துணிக்கு மாட்டும் என்னுடைய மஞ்சள் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. அன்று நூலில் நான் மறந்து விட்டுவந்தது. ஆய்வாளர் வருவதற்கு முன்பே கொத்தனார் அதை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டிருக்கிறார்.

7. ஆகவே அவருடைய உரிமத்தை உடனே திருப்பித் தரவும், அந்தச் சுவரை இடித்துச் சரியான இடத்தில் எழுப்ப அவரையே அனுமதிக்கவும் வேண்டுகிறேன். தண்டனை எதுவானாலும் என் பெயரில் எழுதுங்கள். வீட்டை விட்டுவைக்க விதியில் வழியிருந்தால் கருணை காட்டுங்கள். இல்லாவிட்டாலும் இந்த மனுவைத் திரும்பப் பெறமாட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்த என் கணவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்.

இடம்: மனை எண் 17
நாள்: 14 மார்ச் (ஒன்பது நாள் தாமதமாக)

உண்மையை மறைத்ததற்கு வருந்தும்,
(கையொப்பம்) மனைவி
(கையொப்பம்) கணவர்

இணைப்பு: மஞ்சள் கிளிப் – 1