கோழிக்கூட்டுக் கொண்டியில் ஒரு குச்சி

1931 ஜூன் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். நெல் காயப்போட வழியில்லை. மருமகள் அறையைப் பெருக்கியபோது பெட்டிக்கடியில் ஒரு மரக்குச்சி. விரல் நீளம், வழுவழுப்பு, கழுத்து ஒடுக்கம், நுனியில் கம்பியில் கோத்த நீல மணி. மை தீட்டவா? அதற்கு இவ்வளவு கனமா? காது குடையவும் ஆகாது. மகனிடம் காட்டினேன்.

"எனக்கென்ன தெரியும்? உங்க மருமவள்ட்ட கேளுங்கம்மா."

எஸ்தரிடம் எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும்தான். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்து இரண்டு மாதம். பூதப்பாண்டி பிடிக்கவில்லையோ, நான்தான் பிடிக்கவில்லையோ. சனிக்கிழமை அவள் அண்ணன் கூப்பிட வருகிறான். போனால் திரும்ப வருவாளா என்று பயமாக இருக்கிறது.

கோழிக்கூட்டுக் கொண்டியில் ஆணி தொலைந்து கிடந்தது. குச்சியைச் செருகினேன். அளவெடுத்த மாதிரி.

ஜூன் 10, புதன்

மழை. மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தாயம்மாள் குச்சியைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, இது மந்திரிச்ச சாமானாக்கும். ஆத்துல எறி!"

வேதக்கார வீட்டில் இந்தப் பேச்சா என்று சத்தம் போட்டு அனுப்பினேன். ஆனாலும் இன்றைக்கு ஜெபம் கொஞ்சம் நீளம்.

ஜூன் 11, வியாழன்

கொண்டியில் வேப்பங்குச்சி! எஸ்தர் அடுக்களையில், கையில் அந்த நீல மணிக் குச்சி. அதில் ஒட்டிய கோழி எச்சத்தை முந்தானையால் துடைத்து, துடைத்ததையே திரும்பத் துடைக்கிறாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அது என்னது மக்கா?"

"லேஸ் குச்சி மாமி. பின்னும்போ நூல் சுத்தி வைக்கதாக்கும். மிஷன் பங்களாவுல படிச்சேன். புருசன் வீட்டுல இதெல்லாம் சரிப்படாதுன்னு அம்மை வாங்கி வச்சிட்டா. ஒண்ணு மட்டும் ஒளிச்சுக் கொண்டுவந்தேன்."

அந்த ஒன்றைத்தான் நான் கோழிக்குக் காவல் வைத்தேன். தூ, என் புத்தியை என்ன சொல்ல.

பின்னும்போது ஊசி குத்தி நிறுத்த ஒரு திண்டு வேண்டுமாம்.

ஜூன் 12, வெள்ளி

மழை விட்டது. பழைய வேட்டியில் திண்டு தைத்து, இலவம்பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்தாள்.

"மாமி, இது உறங்கதுக்குத்தான் ஆவும். ஊசி நிக்காது. வைக்கோல் திணிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் அவளுடைய முதல் சிரிப்பு! பஞ்சைப் பிடுங்கிவிட்டு இருவருமாக வைக்கோல் திணித்தோம். கையெல்லாம் அரிப்பு. எனக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குப் போய்விடுவாளே.

ஜூன் 13, சனி

நல்ல வெயில். முற்றத்தில் நெல். வழிக்கு எள்ளுருண்டை பிடித்துக் கட்டி வைத்தேன். அண்ணன் வண்டியோடு வந்தான். எஸ்தர் வீட்டுச் சேலையிலேயே வாசலுக்குப் போனாள்.

"நான் கிறிஸ்மஸுக்கு வாறேன் அண்ணா. நீ போய் எனக்க குச்சி முழுசும் எடுத்துட்டு வா. மாமிக்க திண்டு சும்மா கிடக்கு."

எள்ளுருண்டை அவனோடு போயிற்று. கூட்டுக்கு ஆணி வாங்கணும்.