பின்கதவு வழியாக வந்தோம்

உங்களுக்கு,

பக்கத்துத் தெருவில் திருடன் புகுந்ததும் துப்பாக்கி வாங்கினீர்கள். "எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தான்" என்றீர்கள். போன சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியதால் நானும் யாமினியும் பின்கதவு வழியாக ஓடி வந்தோம். திருடனென்று நினைத்து, பெற்ற மகளின் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினீர்கள். "டாடி, இட்ஸ் மீ!" என்று அலறினாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் பாட்லக் விருந்தில் எல்லோர் முன்னாலும், "இன்னொரு செகண்ட்னா ஷூட் பண்ணியிருப்பேன்!" என்று சொல்லிச் சிரித்தீர்களே! அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

நேற்று போனில், "கன்னை வித்துட்டேன், கிளம்பி வா" என்றீர்கள். இங்கே ஐசலினில், என் அக்கா வீட்டில்கூட அவள் வெளியே நின்று, "இட்ஸ் யாமினி!" என்று கத்திவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள். அந்தப் பயம் போகும்வரை நாங்கள் கேட்டியில் இருக்கும் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா